புதிய கோல்ஃப் அயர்ன் செட்டைச் சோதிப்பது எப்படி? வடசென்னைக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

கோல்ஃப் ஆட வடசென்னைக்காரர் தெற்கே போக வேண்டியிருக்கிறது. ஆனால் கோல்ஃப் மட்டைகள் நம் பக்கத்து வீடுகளுக்கு எப்படியோ வந்து சேர்ந்துவிடுகின்றன. ராயபுரத்திலும் தண்டையார்பேட்டையிலும் கப்பலில் வேலை பார்க்கும் சித்தப்பாவோ மச்சானோ விடுமுறைக்கு வரும்போது ஒரு செட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார். அலுவலகத்து மேலாளர்கள் ஆடுகிறார்கள் என்று பயிற்சிக்குப் போகத் தொடங்கிய இளைஞர், முதல் போனஸில் இணையத்தில் ஒரு செட்டுக்குப் பணம் கட்டிவிடுகிறார். பெட்டி வந்ததும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எவ்வளவு தூரம் போகிறது?"

அயர்ன் என்பது தட்டையான உலோகத் தலையும் எண்ணும் கொண்ட மட்டை. அதைப் பொறுத்தவரை இது பாதிக் கேள்விகூட இல்லை. டிரைவர் மட்டையை எடுத்தால் தூரத்துக்காக அடிக்கிறோம். அயர்னை எடுப்பது குறிப்பிட்ட ஓர் இடத்தில் பந்தை இறக்குவதற்கு. 140 கஜத்தில் கொடி நிற்கிறது என்றால், 140 கஜத்துக்கென்று வைத்திருக்கும் மட்டை ஒருநாள் 155-உம் மறுநாள் 125-உம் போனால் அந்த மட்டையால் பயனில்லை. ஆகவே புதிய செட்டைச் சோதிப்பது என்றால் மூன்றைத்தான் பார்க்க வேண்டும்: ஒவ்வொரு மட்டையும் ஒரே தூரத்தைத் திரும்பத் திரும்பத் தருகிறதா, ஒரு மட்டைக்கும் அடுத்த மட்டைக்கும் இடையே சீரான இடைவெளி இருக்கிறதா, சரியாகப் படாத அடியும் ஓரளவு தாக்குப்பிடிக்கிறதா. கீழே சொல்லும் படிகள் எல்லாம் இந்த மூன்றைக் கண்டுபிடிக்கத்தான்.

பெட்டியைப் பிரித்தவுடன்

பந்தை அடிப்பதற்கு முன்பே வீட்டுக் கூடத்தில் முடிக்க வேண்டிய வேலைகள் சில இருக்கின்றன. மட்டைகளை எண் 4 அல்லது 5-இல் தொடங்கி, 9-க்கு அடுத்து வரும் பிட்சிங் வெட்ஜ் வரை சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வையுங்கள். நீளம் படிப்படியாகக் குறைய வேண்டும். பெரும்பாலான செட்டுகளில் ஒவ்வொன்றுக்கும் அரை அங்குலம் வித்தியாசம். ஆண்களுக்கான வழக்கமான 7 அயர்ன் சுமார் 37 அங்குலம் இருக்கும். அளக்கும்போது மட்டையின் அடிப்பாகம் தரையில் படிந்திருக்க, குதிகாலுக்கு (தலையில் தண்டு சேரும் பக்கத்துக்கு) பின்னால் தரையிலிருந்து கிரிப்பின், அதாவது கைப்பிடியின், நுனி வரை ஷாஃப்டை (தண்டை) ஒட்டியே டேப்பைப் பிடியுங்கள். வரிசையில் ஏதாவது ஒன்று துருத்திக்கொண்டு நின்றால், அது வேறு செட்டிலிருந்து வந்த மட்டையாகவோ யாரோ ஷாஃப்டை மாற்றிய மட்டையாகவோ இருக்கலாம்.

அடுத்து எடை. சமையலறையில் உள்ள டிஜிட்டல் தராசே போதும். நீளம் குறையக் குறைய மட்டைத் தலையின் எடை ஏறும். தலைக்குத் தலை சுமார் 7 கிராம் என்பது பழைய கணக்கு. ஷாஃப்ட் குறைவதால் மொத்த எடையில் அவ்வளவு ஏறாது, ஆனால் ஏறுமுகம் சீராக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் 15 கிராம் குறைந்தோ கூடியோ காட்டினால் குறித்து வையுங்கள். போலி செட்டுகள் மாட்டிக்கொள்வதும் பெரும்பாலும் இங்கேதான். பளபளப்பையும் எழுத்துருவையும் நகலெடுப்பது எளிது. எடையைச் சீராகக் கொண்டுவருவது கடினம். கழுத்துப் பகுதியில் வரிசை எண் பொறிக்கப்பட்டிருந்தால், அதைத் தயாரிப்பாளரிடம் கேட்டுச் சரிபார்ப்பது நல்லது.

கிரிப்பைப் பிடித்துப் பாருங்கள். வலக்கைக்காரர் என்றால் இடக்கையால் பிடிக்கும்போது நடுவிரல் நுனியும் மோதிரவிரல் நுனியும் கட்டைவிரலடிச் சதையை லேசாகத் தொட வேண்டும். விரல்கள் சதைக்குள் அழுந்தினால் கிரிப் மெல்லியது. தொடவே எட்டவில்லை என்றால் தடித்தது. நம் ஊர்ப் புழுக்கத்தில் கிரிப் சரியில்லாவிட்டால் மற்ற எந்தச் சோதனையும் செல்லாது, ஏனென்றால் வியர்த்த கை மட்டையை இறுக்கிப் பிடிக்கும், இறுக்கிய கை வேறு மாதிரி வீசும். கிரிப் மாற்றுவது பெரிய செலவில்லை. முதலில் அதை முடித்துவிட்டு மற்றதற்குப் போங்கள்.

அடியில் இருக்கும் எண்ணை நம்பாதீர்கள்

புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இங்கேதான். கொஞ்சம் நின்று பார்ப்போம்.

மட்டையின் அடியில் '7' என்று பொறித்திருக்கிறது. அது ஒரு பெயர் மட்டுமே. பந்து எவ்வளவு உயரம் எழும், எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தீர்மானிப்பதில் பெரும்பங்கு பந்தில் படும் முகத்தின் சாய்வுக்கு, அதாவது லாஃப்டுக்கு. பழைய காலத்து 7 அயர்னில் லாஃப்ட் 34, 35 டிகிரி இருந்தது. இன்றைக்குப் புதியவர்களுக்கென்று விற்கப்படும் பல செட்டுகளில் அதே 7 என்ற எண்ணின் கீழ் 28 முதல் 31 டிகிரிதான் இருக்கிறது. மட்டைக்கு மட்டை 3, 4 டிகிரி இடைவெளி என்பது வழக்கம் என்பதால், புதிய 7 என்பது பழைய 6. சில செட்டுகளில் கிட்டத்தட்ட பழைய 5. "புதிய செட்டில் 7 அயர்ன் 15 கஜம் கூடுதலாகப் போகிறது" என்று யாராவது பெருமைப்பட்டால், அந்த 15 கஜத்தில் பெரும்பகுதி தொழில்நுட்பத்தில் வந்ததல்ல, எண்ணை மாற்றிப் பொறித்ததில் வந்தது. நியாயமாகச் சொல்வதானால், தலையின் எடையைக் கீழே இறக்கி, சாய்வு குறைந்தாலும் பந்து உயரமாக எழும்படி தயாரிப்பாளர்கள் செய்திருக்கிறார்கள். வெறும் ஏமாற்று வேலை என்று தள்ளிவிட முடியாது. ஆனாலும் ஒப்பிடும்போது எண்ணோடு எண்ணை ஒப்பிடாதீர்கள், லாஃப்டோடு லாஃப்டை ஒப்பிடுங்கள்.

தயாரிப்பாளரின் இணையதளத்தில் ஒவ்வொரு மாடலுக்கும் லாஃப்ட் அட்டவணை இருக்கும். அதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு கையில் உள்ள மட்டைகளை அளந்து பாருங்கள். தொழிற்சாலையிலிருந்து வரும்போதே 1 டிகிரி முன்பின் இருப்பது சகஜம். ஒரு மட்டை முன்னும் அடுத்தது பின்னும் போய்விட்டால் சிக்கல்: அட்டவணைப்படி 27 டிகிரி இருக்க வேண்டிய 6 அயர்ன் 28 ஆகவும், 31 இருக்க வேண்டிய 7 அயர்ன் 30 ஆகவும் வந்தால், நான்கு டிகிரி இடைவெளி இரண்டாகச் சுருங்கிவிடும். அப்புறம் இரண்டும் ஒரே தூரம்தான் போகும். ஆடுபவரோ தன் வீச்சில் குறை தேடிக்கொண்டிருப்பார்.

அளப்பதற்கு வடசென்னையைவிட வசதியான இடம் கிடைப்பது அரிது. லேத் பட்டறை இல்லாத பேட்டை நம் பக்கம் இல்லை. கோணமானியும் வெர்னியர் காலிப்பரும் வைத்திருக்கும் பிட்டர் ஒருவரிடம் கொண்டுபோங்கள். அவருக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: மட்டையின் முகத்தில் உள்ள கோடுகள் தரைக்கு இணையாக இருக்க வேண்டும்; பந்து போகும் திசையிலோ அதற்கு எதிர்த்திசையிலோ ஷாஃப்ட் சாயக்கூடாது. அந்த நிலையில் முகம் செங்குத்திலிருந்து எத்தனை டிகிரி சாய்ந்திருக்கிறதோ அதுவே லாஃப்ட். வசதி என்று ஷாஃப்டை வைஸில் நேர்செங்குத்தாக நிறுத்தி அளந்தால் கோடுகள் சரிந்துவிடும். 34 டிகிரி மட்டை ஏறக்குறைய 30 என்று காட்டும். மட்டை தவறென்று முடிவுகட்டித் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். வைஸில் பிடிக்கும்போது ரப்பர் துண்டு வைக்கச் சொல்லவும் மறக்க வேண்டாம். கிராஃபைட் ஷாஃப்ட் என்றால் வைஸ் பக்கமே போகக்கூடாது.

எங்கே அடிப்பது

எங்கே அடிக்கக்கூடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். காசிமேட்டுக் கடற்கரையிலும் எண்ணூர்ப் பக்கமும் திருவொற்றியூர்க் கரையிலும் ஆளில்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. வலை காயவைப்பவர்கள், படகருகே தூங்குபவர்கள், ஓடியாடும் பிள்ளைகள் என்று யாராவது இருப்பார்கள். கோல்ஃப் பந்தின் எடை 46 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அயர்னிலிருந்து அது கிளம்பும் வேகத்தில் தலையில் பட்டால் உயிருக்கே ஆபத்து. மாநகராட்சி விளையாட்டுத் திடல்களுக்கும் இதே பேச்சுதான்.

மொட்டை மாடியில் வலை கட்டி அடிப்பது சாத்தியம், அதுவும் பந்து மட்டையின் முகத்தில் எங்கே படுகிறது என்று பார்க்க மட்டும். தூரத்தை அங்கே அறிய முடியாது. வலைக்குக் காசிமேட்டில் பஞ்சமில்லை. ஆனால் மெல்லிய நரம்பு வலையைக் கட்டினால் பந்து அறுத்துக்கொண்டு போய்விடும். இழுவலைக்குப் பயன்படுத்தும் தடித்த இழை வேண்டும். பந்தின் விட்டம் 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்பது விதி. வலையின் கண்ணி அதில் பாதி அளவுக்குள் இருப்பது நல்லது. இரண்டு மடிப்பாக, இழுத்துக் கட்டாமல் தளரத் தொங்கவிடுங்கள். இறுக்கிக் கட்டிய வலை பந்தை உங்கள் முகத்துக்கே திருப்பி அனுப்பும். பக்கவாட்டிலும் மேலேயும் வலை வேண்டும். அப்படியும் முதலில் துளையிட்ட பிளாஸ்டிக் பந்தால் அடித்துப் பழகிவிட்டு, பிறகு நிஜப் பந்துக்கு வாருங்கள். சிமெண்ட் தரையில் மெல்லிய பாயைப் போட்டு அடித்தால் அதிர்ச்சி முழுதும் முழங்கைக்கு வரும். கீழே தடித்த ரப்பர் போடுங்கள்.

உண்மையான சோதனைக்கு, ஓரிடத்தில் நின்று பந்துகளை அடித்துப் பழகும் பயிற்சி ரேஞ்சுக்கும் மைதானத்துக்கும்தான் போக வேண்டும். காஸ்மோபாலிடன் கிளப்பின் 18 குழி மைதானம் நந்தனத்தில் இருக்கிறது. மெட்ரோ நீலத் தடம் 2021-இல் விம்கோ நகர் வரை நீண்டபிறகு, திருவொற்றியூரில் ஏறினால் வண்டி மாறாமல் நந்தனத்தில் இறங்கலாம். உறுப்பினர் அல்லாதவருக்கு எந்த நாளில், என்ன கட்டணத்தில், யாருடைய விருந்தினராக அனுமதி என்பதை எந்த கிளப்பாக இருந்தாலும் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். வாசலில் நின்று வாதாடிப் பயனில்லை. முழுப் பையைத் தூக்கிக்கொண்டு போகவும் தேவையில்லை. முதல் நாள் சோதனைக்குப் புதிய செட்டிலிருந்து 5, 7, பிட்சிங் வெட்ஜ் மூன்றும், பழைய செட்டிலிருந்து ஒன்றும் போதும். மெட்ரோ பாதுகாப்புச் சோதனையில் இது என்ன என்று கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். உலோகத் தலையுள்ள தடி நான்கைப் பார்த்தால் யார்தான் கேட்கமாட்டார்கள்?

நேரமும் பந்தும்

காலையில் போங்கள். கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே நுழைந்துவிடும். அதன்பிறகு எடுக்கும் எந்த அளவும் மட்டையின் அளவு அல்ல, காற்றின் அளவு. எதிர்க்காற்று பறிக்கும் தூரம், அதே வேகத்தில் பின்காற்று தரும் தூரத்தைவிட அதிகம். ஆகவே இருபுறமும் அடித்துச் சராசரி போட்டுச் சரிக்கட்டவும் முடியாது. காசிமேட்டில் மீன்பிடிக்கப் போகிறவர்களிடம் காற்றைப் பற்றிக் கேட்டால் வானிலைச் செயலியைவிடத் தெளிவாகச் சொல்வார்கள்.

"ஈரக்காற்று கனமானது, அதனால்தான் சென்னையில் பந்து போகவில்லை" என்று ரேஞ்சில் யாராவது அண்ணன் சொல்வார். உண்மை நேர்மாறானது: நீராவி கலந்த காற்று, அதே வெப்பத்திலுள்ள வறண்ட காற்றைவிடச் சற்று இலேசு. வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாத அளவு. கடல்மட்டம் என்பது மட்டும் உண்மைக் காரணம். ஊட்டியில் அதே அடி கூடுதல் தூரம் போவது அங்கே காற்று மெலிந்திருப்பதால். ஈரம் உங்களைப் பாதிப்பது வேறு வழியில்: மட்டை முகத்துக்கும் பந்துக்கும் நடுவே தண்ணீர்ப் படலம் இருந்தால் பந்தின் சுழற்சி குறையும், அது எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. அதனால் ஒவ்வொரு அடிக்கும் முன்னால் மட்டை முகத்தைத் துணியால் துடையுங்கள்.

ரேஞ்ச் பந்துகள் பெரும்பாலும் தேய்ந்தவை, ஒன்றுபோல் ஒன்று இருக்காது. நல்ல பந்தைவிடக் குறைவாகவே போகும். அங்கே கிடைக்கும் கஜக் கணக்கை உங்கள் தூரம் என்று எழுதிவைத்துக்கொள்ளாதீர்கள். ஒப்பிடுவதற்கு மட்டும் அவை போதும். ரேஞ்சில் நட்டிருக்கும் 100, 150 பலகைகளும் எந்த இடத்திலிருந்து அளந்தவை என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூகுள் மேப்ஸில் தூரம் அளக்கும் வசதியால் நீங்களே சரிபார்க்கலாம்.

பழையதும் புதியதும் மாறி மாறி

எந்தச் சோதனையை விட்டாலும் இதை விடாதீர்கள். வழிமுறையை நம் பிள்ளைகளிடம் கற்கலாம். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா வளர்ந்த புது வண்ணாரப்பேட்டைத் தெருக்களில், புது ஸ்ட்ரைக்கர் வாங்கினால் எப்படிச் சோதிக்கிறார்கள் என்று பாருங்கள். முழுவேகத்தில் அடித்து யாரும் மெச்சிக்கொள்வதில்லை. ஒரே காயை ஒரே இடத்தில் வைத்து, ஒரே அடியைப் பழைய ஸ்ட்ரைக்கரில் ஒருமுறை, புதியதில் ஒருமுறை என்று மாற்றி மாற்றி அடித்துப் பார்க்கிறார்கள். அயர்னுக்கும் அதேதான்.

லாஃப்டில் நெருங்கிய இரண்டு மட்டைகளை எடுங்கள். பெரும்பாலும் பழைய 6-உம் புதிய 7-உம் ஜோடி சேரும். சின்ன வெட்ஜ் அடிகளில் உடம்பைச் சூடாக்கிய பிறகு, பழையதில் ஐந்து பந்து, புதியதில் ஐந்து பந்து, மறுபடி பழையது என்று ஒவ்வொன்றுக்கும் பதினைந்து வரும்வரை மாற்றுங்கள். முதலில் பழையதில் எல்லாவற்றையும் அடித்து முடித்துவிட்டுப் புதியதை எடுத்தால், உடம்பு சூடேறிய பலனோ களைப்பின் பழியோ புதியதன் தலையில் விழும்.

எல்லாப் பந்தையும் எழுதுங்கள். "இது என் அடியே இல்லை" என்று நீக்கிவிடும் பழக்கம் வேண்டாம். மைதானத்தில் அதையும் நீங்கள்தான் அடிக்கப்போகிறீர்கள். விழுந்த தூரம், கிளம்பிய திசை, வளைந்த திசை: இவை மூன்றும் போதும். தூரத்தில் பார்ப்பது பந்து தரையைத் தொடும் இடம், உருண்டு நிற்கும் இடம் அல்ல. கண்ணுக்கு எட்டவில்லை என்றால் உடன் வந்தவரை ரேஞ்சின் ஓரத்தில், பாதுகாப்பான தடுப்புக்குப் பின்னால் நிறுத்துங்கள்.

பிறகு பதினைந்து தூரங்களையும் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துங்கள். எட்டாவது இடத்தில் நிற்பதுதான் அந்த மட்டையின் தூரம். சராசரியைவிட இது நம்பகமானது, ஒரே ஒரு மோசமான அடி இதை அசைக்காது. மேலே மூன்றையும் கீழே மூன்றையும் விட்டு நடுவில் உள்ள ஒன்பதைப் பாருங்கள்: அவற்றில் பெரியதற்கும் சிறியதற்கும் உள்ள வித்தியாசமே பரவல். ஓர் எடுத்துக்காட்டு. பழைய 6-இல் நடுத்தூரம் 139, பரவல் 9 கஜம். புதிய 7-இல் ஒரு பந்து 158 போனது, நடுத்தூரம் 141, பரவல் 19 கஜம் என்று வைத்துக்கொள்வோம். கூட வந்தவர்கள் அந்த 158-ஐ வீடுவரை பேசிக்கொண்டு வருவார்கள். என்னைக் கேட்டால் அந்த மட்டை இன்னும் தேறவில்லை.

பரவல் அதிகமென்றால் உடனே மட்டையைக் குறை சொல்லவும் வேண்டாம். புது மட்டையில் கை படிய இரண்டு மூன்று வாரமாவது ஆகும். ஷாஃப்டின் எடை மாறியிருந்தால் இன்னும் கூடுதலாகும்; ஸ்டீல் ஷாஃப்ட் 90 முதல் 130 கிராம் வரை இருக்கும், கிராஃபைட் அதைவிட வெகுவாக இலேசு. அந்தக் காலத்துக்குப் பிறகும் பரவல் குறையவில்லை என்றால்தான் அடுத்த படி.

மார்க்கர் சோதனை

எழுதுபொருள் கடையில் வெள்ளைப் பலகையில் எழுதும் அழிக்கக்கூடிய மார்க்கர் ஒன்று வாங்குங்கள். நீலமோ கறுப்போ எடுங்கள். பந்தின் பின்பக்கத்தில், மட்டை படும் இடத்தில், செங்குத்தாகத் தடித்த கோடு ஒன்று போடுங்கள். மட்டையின் முகத்தை ஈரமில்லாமல் துடைத்துவிட்டு அடியுங்கள். திருப்பிப் பார்த்தால் முகத்தில் அந்தக் கோடு, சற்றுக் கலைந்தாலும் தெளிவாக, பதிந்திருக்கும்.

அந்தக் கோடு இரண்டு செய்தி சொல்கிறது. முதலாவது, எங்கே பட்டது. முகத்துக் கோடுகளின் நடுவே என்றால் நன்று. நுனியை (குதிகாலுக்கு எதிர்முனையை) நோக்கியா, குதிகாலை நோக்கியா, உயரத்திலா தாழ்விலா என்று பாருங்கள். ஓர் அடியைப் பார்த்து முடிவுகட்டாமல், பத்து அடிக்குப் பிறகு எந்தப் பக்கம் கூட்டம் சேர்கிறது என்று பாருங்கள். எல்லாம் நுனிப்பக்கமே விழுந்தால் மட்டை உங்களுக்குக் குட்டையாக இருக்கலாம், அல்லது பந்திலிருந்து விலகி நிற்கிறீர்கள்.

இதே சமயத்தில், சரியாகப் படாத அடிக்குச் செட் எவ்வளவு மன்னிப்புத் தருகிறது என்பதையும் கணக்கிடலாம். நடுவில் பட்ட பந்துகளின் தூரத்தையும் நுனியில் பட்டவற்றின் தூரத்தையும் தனித்தனியே எழுதுங்கள். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் பொறியாளராக இருந்து பிங் நிறுவனத்தைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம், மட்டைத் தலையின் எடையை ஓரங்களுக்குத் தள்ளும் வடிவத்தைப் பரப்பினார். 1982-இல் வந்த பிங் ஐ 2 அந்த வகையில் பெயர்பெற்ற செட். எடை ஓரத்தில் இருந்தால் நுனியில் பட்டாலும் தலை எளிதில் திரும்பிவிடாது, பந்து இழக்கும் தூரமும் குறைவு. முதுகில் குழிவுள்ள மட்டைகள் எல்லாம் இந்தக் கொள்கையில் வந்தவைதான். குழிவில்லாத மெல்லிய பிளேடு வகை செட் கையில் இருந்தால் நுனி அடியில் தூரம் சட்டென்று விழுவதைக் கண்கூடாகப் பார்ப்பீர்கள். புதியவருக்கு யாராவது பிளேடை அன்பளிப்பாகக் கொடுத்தால் நன்றி சொல்லிச் சுவரில் மாட்டி வைக்கலாம்.

கோடு சொல்லும் இரண்டாவது செய்தி, மட்டை தரையோடு எப்படிப் படிகிறது என்பது. பதிந்த கோடு, முகத்துக் கோடுகளுக்குச் செங்குத்தாக நின்றால் லை கோணம், அதாவது தரைக்கும் ஷாஃப்டுக்கும் இடையிலுள்ள கோணம், உங்களுக்குப் பொருத்தம். கோட்டின் மேல்முனை நுனிப்பக்கம் சாய்ந்திருந்தால், அடிக்கும் நொடியில் மட்டையின் நுனி தூக்கியிருக்கிறது. வலக்கைக்காரருக்குப் பந்து இடப்பக்கம் போகும். மேல்முனை குதிகால்பக்கம் சாய்ந்தால் நுனி தாழ்ந்திருக்கிறது, பந்து வலப்பக்கம் போகும். லாஃப்ட் கூடக் கூட இந்த விலகலும் கூடும். வெட்ஜில்தான் அதிகம் தெரியும். பட்டறையில் அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு மட்டை என்றால் அதற்கான கருவியில் வைத்து ஓரிரு டிகிரி வளைத்துச் சரிசெய்யலாம். அச்சில் வார்த்த மட்டைகள் எல்லாமே வளைந்து கொடுக்கும் என்று சொல்ல முடியாது. சில விரிசல் விடும். இந்த வேலைக்கு மட்டும் பேட்டைப் பட்டறை வேண்டாம், கோல்ஃப் மட்டை பழுதுபார்ப்பவரிடமே போங்கள்.

இடைவெளி அட்டை

ஒரு மட்டை தேறிவிட்டால் மொத்தச் செட்டையும் ஒரே காலையில், ஒவ்வொன்றிலும் பத்துப் பந்தாவது அடித்து, நடுத்தூரங்களை எழுதுங்கள். இப்படி ஒரு வரிசை வரலாம்: 4 அயர்ன் 158, 5 அயர்ன் 156, 6 அயர்ன் 146, 7 அயர்ன் 136, 8 அயர்ன் 125, 9 அயர்ன் 113, பிட்சிங் வெட்ஜ் 101. பத்துப் பன்னிரண்டு கஜ இடைவெளியில் இறங்கி வருவது நல்ல வரிசை. மேலே 4-உம் 5-உம் ஒட்டிக்கொண்டிருக்கின்றன, கவனித்தீர்களா? வேகம் குறைவான வீச்சுக்கு லாஃப்ட் குறைந்த மட்டை பந்தை எழுப்பாது. இது மட்டையின் குறையல்ல, நம் குறையும் அல்ல. அந்த 4-ஐ வீட்டில் வைத்துவிட்டு, பந்தை எளிதில் எழுப்பும் ஹைபிரிட் மட்டை ஒன்றைப் பார்க்கலாம். ஓர் ஆட்டத்துக்கு 14 மட்டைக்கு மேல் எடுத்துப்போக விதி இடம் தராது. வீணான மட்டை ஓர் இடத்தைத் தின்றுகொண்டிருக்க வேண்டாம்.

கீழ்ப்பக்கத்தில் நேர்மாறான சிக்கல். லாஃப்டைக் குறைத்த புதிய செட்டுகளில் பிட்சிங் வெட்ஜ் 43, 44 டிகிரிக்கு வந்துவிட்டது. மணற்குழியிலிருந்து அடிக்க உங்களிடம் ஏற்கெனவே உள்ள சாண்ட் வெட்ஜ் 56 டிகிரி. நடுவில் பன்னிரண்டு டிகிரி பள்ளம். இருபது முப்பது கஜத்துக்கு உங்களிடம் மட்டையே இல்லை என்று அர்த்தம். செட்டின் விலையைப் பேசும்போதே 49, 50 டிகிரி வெட்ஜ் ஒன்றுக்கும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். விற்பவர்கள் இதைத் தாமாகச் சொல்வது அபூர்வம்.

மெஷின் காட்டும் எண்கள்

பந்தின் பறப்பை அளக்கும் டிராக்மேன் போன்ற லாஞ்ச் மானிட்டரோ சிமுலேட்டர் அறையோ கிடைத்தால் ஒரு மணி நேரம் வாடகைக்கு எடுப்பது வீண்செலவல்ல. ஆனால் திரையில் இருபது எண்கள் ஓடும். அயர்னுக்குப் பார்க்க வேண்டியவை நான்கு. பந்து காற்றில் போன தூரம், கிளம்பும் கோணம், சுழற்சி, தரையில் இறங்கும் கோணம். அமெரிக்கத் தொழில்முறை வீரர்களின் 7 அயர்ன் சுமார் 170 கஜம் போய், நிமிடத்துக்கு ஏறக்குறைய 7,000 சுற்றுச் சுழற்சியுடன், 50 டிகிரி அளவில் செங்குத்தாக இறங்குகிறது. தூரத்தில் அவர்களை எட்ட முயலாதீர்கள். இறங்கும் கோணம் மட்டும் 45-ஐ ஒட்டி வருகிறதா என்று பாருங்கள். 35-இல் இறங்கும் பந்து, குழியைச் சுற்றியுள்ள பச்சைத்திடலில் நிற்காது, உருண்டு மறுபக்கம் போய்விடும். தூரத்துக்காக லாஃப்டைக் குறைத்த செட்டுகள் தடுமாறுவது இந்த ஓர் எண்ணில்தான்.

புல்லின் மேல்

பாயில் அடிக்கும்போது பந்துக்கு இரண்டு அங்குலம் முன்பே மட்டை தரையைத் தொட்டாலும் வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தில் பட்டுவிடும். பாய் பொய் சொல்லும், புல் சொல்லாது. ஆகவே கடைசிச் சோதனை மைதானத்தில். பெயர்ந்த புல்தரை, பந்து இருந்த இடத்துக்குப் பிறகு தொடங்க வேண்டும். மே மாதத்தில் தரை இறுகிக் கிடக்கும்போது அடிப்பாகம் அகலமான மட்டை துள்ளும். மழைக்குப் பிறகு தரை இளகியிருக்கும்போது அதே மட்டை காப்பாற்றும், மெல்லியது மண்ணில் புதையும். இரண்டு பருவத்திலும் ஆடிப் பார்த்தபிறகுதான் இதில் உறுதியாகச் சொல்ல முடியும்.

இங்கே உங்களுக்குப் பெரிய துணை, பையைச் சுமந்து உடன் வரும் கேடிதான். பந்து விழுந்த இடத்தைக் கண்டுபிடிப்பதில் அவர்களுக்கு இணை எந்த மெஷினும் இல்லை. "அண்ணா, எங்கே விழுந்தது என்பதை மட்டும் சொல்லுங்கள், எங்கே நின்றது என்று வேண்டாம்" என்று ஆட்டத்தின் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள். பந்து குழித்த தடத்துக்கும் அது நின்ற இடத்துக்கும் உள்ள தூரத்தை எட்டுவைத்து அளந்தால், மெஷின் சொன்ன இறங்கும் கோணம் மெய்யா என்பது தெரிந்துவிடும். உழைப்புக்கேற்ற கூலியோடு மேலே கொஞ்சம் கொடுங்கள்.

வீடு திரும்பியதும் மட்டைகளை நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, உலர்ந்தபின் பைக்குள் வையுங்கள். கடலோர வீடுகளில் உப்புக்காற்று குரோம் பூச்சில்லாத மட்டையை வெகுசீக்கிரம் துருப்பிடிக்க வைக்கும். முகத்துக் கோடுகளில் மண் காய்ந்து இறுகினாலும் சுழற்சி குறையும்.

பழைய செட்டை விற்பதாக இருந்தால் பெரியமேட்டு விளையாட்டுப் பொருள் கடைகளில் விசாரித்துப் பாருங்கள். ஆனால் ஒப்பிடப் பயன்படுத்திய அந்தப் பழைய 6 அயர்னை மட்டும் ஓராண்டுக்காவது கொடுத்துவிடாதீர்கள். ஆறு மாதம் கழித்துப் புதிய செட்டில் தூரம் குறைவதாகத் தோன்றினால், குறைந்தது மட்டையா நீங்களா என்று கேட்டுப்பார்க்க அது ஒன்றுதான் கைவசம் இருக்கும்.